கயிறைப் போடு

இது நடந்த விஷயம். சொன்னவள் ஜலஜா. அவள் பொய் சொல்கிற ஆளும் இல்லை, ஒன்றைப் பத்தாக்குகிற ஆளும் இல்லை. ஃப்ரீமான்ட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் ஃபார்மசிஸ்ட். எதைச் செய்தாலும் மணி பார்த்துக் குறித்து வைப்பது பதினாறு வருட வேலைப் பழக்கம். அதனால் இதில் வருகிற நேரம் ஒவ்வொன்றும் அவளுடைய ஃபோனில் இன்னும் இருக்கிறது. போன நவம்பர், தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது இருபதிலிருந்து மதியம் ஒன்று பத்து வரை. பட்டப்பகல்.

"ராத்திரியா இருந்திருந்தாக்கூடப் பரவாயில்லை, லைட்டைப் போட்டுக்கலாம்" என்பாள் ஜலஜா. "அன்னிக்கு எல்லாமே வெளிச்சமாத்தான் இருந்தது. ஆனா எதுவுமே தெரியலை."

அவள் கணவன் கஸ்தூரிரங்கன் ஒரு சிப் கம்பெனியில் எஞ்சினியர். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனும் நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பழைய ஹவுஸ்போட்டை வாங்கினார்கள். நாலு குடும்பம், ஆளுக்குக் கால் பங்கு. சாக்ரமென்டோ ஆறும் சான் வாக்கீன் ஆறும் கிளை கிளையாகப் பிரிந்து கிடக்கிற டெல்டாவில், மரீனா என்கிற ஒரு சின்னப் படகுத்துறையில் அது கட்டிக் கிடக்கும். கூகுள் காலண்டரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கலர். யார் கலர் வருகிறதோ அந்த வாரம் போட் அவர்களுடையது. இரண்டு சின்ன ரூம், ஒரு கிச்சன், பின்பக்கம் கண்ணாடி ஸ்லைடிங் கதவு, கதவைத் தாண்டினால் நாலு பேர் உட்காரலாம் போல ஒரு டெக், தண்ணீரில் இறங்க ஏணி. பங்குதாரர்களில் மூத்தவர் கோயம்புத்தூர்க்காரர் கோபாலசாமி. அவர்தான் போட்டுக்குத் 'தென்றல்' என்று பெயர் வைத்தார். மணிக்கு ஆறு மைலுக்கு மேல் போகாத போட்டுக்கு அது பொருத்தமான பெயர்தான்.

ஜலஜாவுக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் இஷ்டமில்லை. நாலு பேர் பொருள் என்றால் நாலு பேரும் ஓட்டுவார்கள், ஒருத்தரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவள் கட்சி. இரண்டு வருடமாக ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக் கழித்தாள். இந்த முறை பதினோரு வயது மகள் ரக்ஷா ஒற்றைக் காலில் நின்றாள். சரி என்று கிளம்பிவிட்டார்கள்.

வியாழக்கிழமை அருமையாகப் போனது. அதை ஜலஜாவே ஒப்புக்கொள்கிறாள். இரண்டு பக்கமும் உயரமான மண் கரை, கரை ஓரம் ஆள் உயரக் கோரை, தலைக்கு மேல் கூட்டம் கூட்டமாக வாத்து. ரக்ஷா அப்பா மடியில் பாதி உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தாள். மரீனாவிலிருந்து இரண்டு மைல் தள்ளி, ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு குறுகலான கால்வாய்க்குள் திரும்பி, மூன்று மணிக்கு நங்கூரம் போட்டார்கள். சாயங்காலம் டெக்கில் உட்கார்ந்து புளியோதரையும் வறுத்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்கள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஃபோனைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

"இதுக்குத்தான் இவ்வளவு பயந்தியா?" என்று கேட்டான் கஸ்தூரிரங்கன்.

"ஒத்துக்கறேன். நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு ஜலஜா கண் விழித்தாள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டினாற்போல் இருந்தது. டெல்டாவில் குளிர் காலத்தில் இறங்குகிற மூடுபனி அது. கேள்விப்பட்டிருக்கிறாள், பார்த்ததில்லை. டெக்கில் போய் நின்று கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரிந்தது. கரை இல்லை. கோரை இல்லை. கீழே தண்ணீரே இல்லை. வெறும் சலசலப்பு மட்டும்.

கிளம்பிவிடலாம் என்று கஸ்தூரிரங்கன் எஞ்சினைப் போட்டான். கர்ர்ர்ர்... டக். மறுபடி. கர்ர்... டக். எட்டு மணிக்குள் பாட்டரியும் இறங்கிவிட்டது. ஹீட்டருக்கான காஸ் முந்தின வாரமே தீர்ந்திருக்க வேண்டும், யாரும் மாற்றவில்லை. அவசரத்துக்குப் பேசுகிற ரேடியோவைத் தேடினான். பங்குதாரர்களில் ஒருவனான தீபக் அதை சார்ஜ் போட என்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஃபோனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

"நான் என்ன சொன்னேன்?" என்றாள் ஜலஜா.

"இப்ப அது வேணாமே."

ரக்ஷா இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பனி சில சமயம் மூன்று நாள்கூட நிற்குமாம். போட்டின் பின்னால் ரப்பர் டிங்கி என்கிற குட்டிப் படகு ஒன்று கட்டியிருந்தது, சின்ன மோட்டாரோடு. அதில் மரீனாவுக்குப் போய், இழுத்துப் போக ஆள் கூட்டி வருகிறேன் என்றான் கஸ்தூரிரங்கன்.

"இந்தப் பனியிலயா? வேணவே வேணாம்."

"கரையைக் கையால தொட்டுண்டே போறேன். ஒரே கால்வாய், ஒரே திருப்பம். வழி தப்ப இடமே இல்லை. குழந்தை விறைச்சுப் போயிடும், ஜலஜா."

அதற்கு மேல் அவளால் மறுக்க முடியவில்லை.

"வரும்போது எனக்கு போட் கண்ணுக்குத் தெரியாது" என்றான். "நான் குரல் குடுக்கறேன். நீ பதில் குடு. டெக்ல நீளக் கயிறு ஒண்ணு இருக்கு பார், ஒரு முனை கட்டியிருக்கு. மத்த முனையை என் பக்கமா வீசு. பிடிச்சுண்டு வந்துடுவேன்."

ஒன்பது இருபதுக்குக் கிளம்பினான். மோட்டார் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் என்று எதிர்பார்த்தாள். அப்படித் தேயவில்லை. அணைத்தாற்போல் ஒரே நொடியில் நின்றுவிட்டது. பனி அதை விழுங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். நோட்ஸ் ஆப்பைத் திறந்து '9:20 கிளம்பினார்' என்று எழுதினாள். எழுதினால் கொஞ்சம் தைரியம் வரும் அவளுக்கு.

பத்து மணி. பத்தரை. ரக்ஷாவைப் போர்வைக்குள் சுருட்டிப் படுக்க வைத்துவிட்டு, ஸ்டவ்வில் மிச்சம் இருந்த காஸில் ஒரு டம்ளர் டீ போட்டாள். ஃபோனைக் கிச்சன் ஜன்னல் ஓரம் வைத்தாள், சிக்னல் வந்தால் வரட்டும் என்று. மணி பார்க்கக் கையில் வாட்ச் இருந்தது, அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. காலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் கத்திக்கொண்டிருந்த வாத்துக் கூட்டம் சத்தமே போடவில்லை. எப்போது நிறுத்தின என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூம் மாதிரி ஒரு அமைதி.

10:47. சளப்... சளப்... சளப்...

துடுப்புச் சத்தம். ஜலஜா துள்ளி எழுந்து டெக்குக்கு ஓடினாள்.

"வந்துட்டீங்களா? இங்க! இங்க இருக்கோம்!"

சத்தம் நின்றது. பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி... சளப்... சளப்... இப்போது அது இடது பக்கம். அப்புறம் முன்பக்கம். அப்புறம் வலது பக்கம். போட்டைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டது.

மீன் பிடிக்க வந்தவன் யாராவது இருக்கும் என்று நினைத்தாள். "ஹலோ! ஹலோ! வீ நீட் ஹெல்ப்!" தொண்டை கிழியக் கத்தினாள்.

பதில் இல்லை. சளப்... சளப்...

ரப்பர் டிங்கியில் துடுப்பு இருக்கிறதா? இருந்தது. மோட்டார் நின்று போயிருக்கும். துடுப்புப் போட்டு வருகிறான். ஆனால் மரீனாவுக்குப் போய் வந்தானா, பாதியில் திரும்பினானா? ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்?

11:08. ஒரு இருமல். ரொம்பக் கிட்டத்தில்.

11:15.

"ஜலஜா..."

அவன் குரல்தான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு நிம்மதி.

"இங்கதான் இருக்கேன்! எங்க இருக்கீங்க? மோட்டார் என்ன ஆச்சு?"

"ஜலஜா..."

அதே குரல், அதே ஏற்ற இறக்கம். களைத்த குரல். நாக்கு தடித்துப் போனவன் மாதிரி.

11:21.

"கயிறைப் போடு."

கயிற்றை எடுத்து, குரல் வந்த பக்கம் பார்த்து வீசினாள். தொப்பென்று பக்கத்திலேயே விழுந்தது. இழுத்துச் சுருட்டி, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து மறுபடியும் வீசினாள். கயிறு வெள்ளைக்குள் போய் மறைந்தது.

காத்திருந்தாள்.

கயிறு தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல், கயிறு விறைத்துக்கொண்டு நின்றது.

"பிடிச்சுட்டீங்களா? இழுத்துண்டு வாங்க! மெதுவா வாங்க!"

ஒரு இழுப்பு. போட் லேசாக அசைந்தது. நிறுத்தம். இன்னொரு இழுப்பு. கைக்குக் கை மாற்றி இழுக்கிற இழுப்பு அது. கூடவே மூச்சிரைப்பு.

பின்னால் கதவு திறந்தது. ரக்ஷா போர்வையோடு வந்து நின்றாள்.

"இஸ் தட் அப்பா?"

"அப்பாதான்டா. வந்துட்டார்."

ரக்ஷா முகத்தைச் சுளித்தாள். "ஒய் இஸ் ஹீ டாக்கிங் லைக் தட்?"

"எப்படி?"

"இன் இங்லீஷ். 'த்ரோ மீ த லைன், ஹனி.' அப்பா நெவர் சேஸ் ஹனி."

ஜலஜா திரும்பி மகளைப் பார்த்தாள். குழந்தை விளையாடவில்லை. தூக்கக் கலக்கமும் இல்லை.

"கயிறைப் போடுன்னுதானே சொன்னார்? தமிழ்ல?"

"நோ, அம்மா."

ஒரு இழுப்பு. நிறுத்தம். ஒரு இழுப்பு.

11:36. உள்ளே கிச்சனில் ஃபோன் அடித்தது. டிங். டிங். டிங். மூன்று மெசேஜ், ஒன்றின் பின்னால் ஒன்றாக. எங்கிருந்தோ ஒரு கோடு சிக்னல் வந்திருக்கிறது. ஜலஜா உள்ளே ஓடி எடுத்துப் பார்த்தாள்.

10:14. 'ஜல்லு, மரீனா வந்துட்டேன். பனி விலகற வரைக்கும் யாரும் போட் எடுக்க முடியாதாம். வெயிட் பண்ணு.'

10:31. 'ஜல்லு, மெசேஜ் பார்த்தியா? ரெண்டு பேரும் உள்ளேயே இருங்க.'

11:02. 'இங்க மரீனாவை நடத்தற அம்மா டிங்கி சாவியைப் பிடுங்கி வெச்சுண்டா. விட மாட்டேங்கறா. பனி விலகினதும் வரேன்.'

அவ்வளவுதான். சிக்னல் போய்விட்டது. திருப்பி அழைத்தாள். போகவில்லை. மெசேஜ் அடித்தாள். சுற்றிச் சுற்றி நின்றது.

வெளியே கயிறு கிறீச்... என்று முனகியது.

கிச்சன் மேடையில் இருந்த காய்கறிக் கத்தியை எடுத்துக்கொண்டு டெக்குக்கு வந்தாள். ரக்ஷாவை ஒரு கையால் உள்ளே தள்ளினாள். குனிந்து கயிற்றில் கத்தியை வைத்தாள்.

"விட்டுடாதே."

பத்தடி தூரத்தில். அவன் குரல்.

கத்தி கயிற்றின் மேல் இருந்தது. அவளால் அழுத்த முடியவில்லை.

ஏனென்றால் அந்த நேரம் அவள் மனசு ஒரு கணக்குப் போட்டது. கடைசி மெசேஜ் 11:02. இப்போது 11:40. சாவியைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தால்? மோட்டார் பாதி வழியில் நின்று, தண்ணீரில் விழுந்து, குளிரில் விறைத்துப் போய் இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவது நிஜமாகவே அவனாக இருந்தால்? 11:15-க்குக் கேட்டது வேறு யாரோ, இப்போது வருவது அவனோ?

அறுத்தால் புருஷன் போவான். அறுக்காவிட்டால்... என்ன வரும் என்று தெரியாது.

கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழி இல்லை. கூப்பிட ஒரு ஆள் இல்லை. எஞ்சின் இல்லை. ரேடியோ இல்லை. ஊதலாம் என்றால் காஸ் அடைத்த ஹாரனும் காலி. கத்தியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

ஏணியில் தண்ணீர் சொட்டியது.

சொட்... சொட்... சொட்...

கத்தி கையிலிருந்து விழுந்தது. பின்பக்கமாகவே நகர்ந்து உள்ளே போய், கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தி, கொக்கியைப் போட்டு, திரையை மூடினாள்.

11:44. போட் பின்பக்கமாகச் சாய்ந்தது.

ஒரு கனத்த ஆள் ஏணியில் ஏறி டெக்கில் கால் வைத்தால் சாயுமே, அதே சாய்வு. மேஜை மேல் ஆறிப் போன டீயோடு கண்ணாடி டம்ளர். அதில் டீ ஒரு பக்கமாக ஏறி நின்றது. அப்படியே நின்றது.

ஜலஜா ரக்ஷாவை மடியில் இழுத்துக்கொண்டு மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் வாயில் கை வைத்தாள்.

டொக்.

டொக்.

டொக்.

கண்ணாடியில் விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். அவசரமில்லாமல்.

"ஜலஜா... குளிருது."

ரக்ஷா அவள் கையை விலக்கினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "ஹீ செட் ஹீ இஸ் கோல்ட், அம்மா."

"தெரியும்டா."

"வாட் இஃப் இட்ஸ் அப்பா?"

அவள் எதைக் கேட்டுவிடக் கூடாது என்று ஜலஜா பயந்தாளோ, அதைத்தான் கேட்டாள்.

ஜலஜா குரலைக் கூட்டிக்கொண்டு கேட்டாள்.

"நீங்க... நீங்கன்னா, வீட்டுல என்னைக் கூப்பிடற மாதிரி கூப்பிடுங்க."

ஃபோன் மெசேஜில் இருந்தது 'ஜல்லு'. காலையில் குழந்தை விறைத்துப் போய்விடும் என்று வாதாடியபோது கூப்பிட்டானே, அந்த மாதிரி கோபத்திலோ பதற்றத்திலோ தவிர அவன் அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதினைந்து வருடமாக ஜல்லுதான்.

திரைக்கு அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. யோசிக்கிற மூச்சு.

"ஜலஜா..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஜலஜா... ஜலஜா... ஜலஜா..."

பதற்றத்தில்தான் கூப்பிடுகிறானோ? அப்படியும் இருக்கலாமே? மனசு அதையும் கேட்டது. எழுந்து திரையை ஒரு அங்குலம் விலக்கிப் பார்த்தால் முடிந்தது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை.

12:05. டொக். டொக். டொக்.

12:19. "ரொம்ப நேரமாச்சு."

ரக்ஷா திடீரென்று நழுவி எழுந்தாள். கதவை நோக்கி இரண்டு அடி வைத்தாள். கை கொக்கிக்குப் போனது. பயத்தில் இல்லை... பாவம் பார்த்து. ஜலஜா பாய்ந்து அவள் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள்.

"லெட் ஹிம் இன், அம்மா! ப்ளீஸ்! ஹீ இஸ் க்ரையிங்!"

அழுகைதான். சத்தம் வராமல் விம்முகிற அழுகை. வயதான ஆம்பிளை அழுகிற மாதிரி.

டம்ளரில் டீ சாய்ந்தே நின்றது.

12:30.

12:45.

தட்டுவது குறைந்தது.

ஆனால் சாய்வு போகவில்லை.

போகவே இல்லை.

1:10. தூரத்தில் ஒரு ஹாரன். நீளமாக. பெரிய எஞ்சின் ஒன்றின் சத்தம், கூடவே, "ஜல்லூ! ரக்ஷா!" என்று ஒரு கத்தல்.

படாரென்று போட் நிமிர்ந்தது. டம்ளர் உருண்டு கீழே விழுந்து உடைந்தது.

பனி கிழிந்துகொண்டிருந்தது. கண்ணாடி வழியாக வெயில் வந்து தரையில் விழுந்தது. மரீனாவை நடத்துகிற ரூத் என்கிற பெண்மணி தன் போட்டை ஓட்டி வந்தாள். அதன் முனையில் கஸ்தூரிரங்கன் நின்றுகொண்டிருந்தான். நனையவே இல்லை. மரீனா போய்ச் சேர்ந்ததிலிருந்து பனி விலகும் வரை அவன் அங்கிருந்து ஒரு அடிகூட நகரவில்லை. ஜலஜா கதவைத் திறந்து அவன் மேல் விழுந்து அழுதாள். ரக்ஷா அப்பாவிடம் போகவில்லை. கொஞ்ச நேரம் தள்ளி நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சே சம்திங் இன் டாமில், அப்பா" என்றாள். அவன் பேசிய பிறகுதான் பக்கத்தில் வந்தாள்.

டெக் முழுக்க ஈரம். பனி பெய்தால் ஈரம் இருக்கத்தான் செய்யும். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

கயிறு மட்டும் அப்படியே இருந்தது. ஒரு முனை டெக்கில். மறு முனை, போட்டுக்கு வெளியே முப்பதடி தள்ளி, சாய்வாகத் தண்ணீருக்குள். விறைப்பாக.

கஸ்தூரிரங்கன் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. ரூத் தன் போட்டில் கட்டி இழுத்தாள். அதுவும் நடக்கவில்லை. அடியில் மரக்கட்டை எதிலாவது சிக்கியிருக்கும் என்றாள் ரூத். கீழே கிடந்த கத்தியை கஸ்தூரிரங்கன் எடுத்தான்.

"அறுக்காதீங்க" என்றாள் ஜலஜா.

"ஏன்?"

"விட வேணாம்னு... அறுக்காதீங்க. அவ்வளவுதான்."

ரூத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஜலஜாவின் முகத்தை பார்த்துவிட்டு, கயிற்றை டெக்கிலிருந்து அவிழ்த்து ஒரு ஆரஞ்சு மிதவையில் கட்டி விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜலஜா நடந்ததைச் சொன்னாள். கஸ்தூரிரங்கன் பனி, குளிர், பயம் என்று மூன்று காரணம் சொன்னான். ரக்ஷா கேட்ட இங்லீஷுக்கு அவனிடம் காரணம் இல்லை. கோபாலசாமி ஃபோனில், "கயிறு போனாப் போகுதுங்க, புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம். குழந்தை நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார். ரக்ஷா அதன் பிறகு மூன்று வாரம் அம்மாவோடுதான் படுத்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம், வேலை நேரத்தில் ரூத் கூப்பிட்டாள். கால்வாயில் வருகிற போட்டுகளுக்கு அந்தக் கயிறு இடைஞ்சல் என்று ஒரு முக்குளிப்பவனை இறக்கியிருக்கிறாள். பதினான்கு அடி ஆழத்தில் கயிறு சேற்றுக்குள் போயிருந்தது. சேறு கலையவே இல்லை, வருடக்கணக்காகப் படிந்து இறுகிய சேறு. தோண்டிப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இரண்டடிக்குக் கீழே ஒரு சின்ன அலுமினியப் படகு, துடுப்புப் போடுகிற வகை. தென்றலின் கயிறு அதன் முன் வளையத்தில் நல்ல முடிச்சாகக் கட்டியிருந்தது. அந்தப் படகுக்குள் என்ன இருந்தது என்பதை ரூத் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துப் போலீஸான ஷெரிஃப் ஆபீஸிலிருந்து பேசுவார்கள் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அங்கிருந்து டெபுடி என்கிற அதிகாரி ஒருவர் பேசினார். மரியாதையான மனிதர். கயிறு எப்படி அங்கே போனது என்று கேட்டார். வீசினேன் என்றாள் ஜலஜா. எவ்வளவு தூரம் என்று கேட்டார். தெரியாது என்றாள். அவர் எழுதிக்கொண்டார். அப்புறம் தானாகவே சொன்னார். படகில் இருந்தது ஓர் ஆணின் எலும்பு. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், அறுபது வயது மனிதர் ஒருவர் மனைவியோடு அந்தக் கால்வாயில் ஹவுஸ்போட்டில் தங்கியிருக்கிறார். எஞ்சின் பழுது. மூடுபனி. உதவிக்கு ஆள் கூட்டி வருகிறேன் என்று துடுப்புப் படகில் போனவர் திரும்பவில்லை. எவ்வளவு தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. அந்த அம்மாள் இப்போது இல்லை. ஆனால் அன்று அவர் கொடுத்த வாக்குமூலம் ஃபைலில் இருக்கிறது.

டெபுடியே அதைப் படித்தார்.

'என் கணவர் திரும்பி வந்தார். பனிக்குள் இருந்து என்னைக் கூப்பிட்டார். கயிறைப் போடச் சொன்னார். குரல் அவருடையது போலத்தான் இருந்தது, ஆனால் என் பெயரைச் சொன்ன விதம் அவருடையதாக இல்லை. வேறு ஏதோ ஒன்று அவரைப் போலக் கூப்பிடுகிறது என்று பயந்து, கயிறைப் போடாமல், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கூப்பிட்டார். அப்புறம் நின்றுவிட்டது. குளிரில் மனிதனுக்கு நாக்கு குழறும் என்று அப்போது எனக்குத் தெரியாது.'